சந்தன்நகரில் ஒரு மாலையும் ஒரு விடியலும்

கொல்கத்தாவிலிருந்து காலையில் கிளம்பி, உச்சிவெயிலில் நான்கு பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதுதான் சந்தன்நகருக்குச் செல்பவர்களின் பொதுவான வழக்கம். ஆனால் அந்த ஊர் தன் அமைதியைக் காட்டும் இரண்டு வேளைகளும், அதாவது பொழுது சாய்ந்து கூட்டம் கலைந்த பிறகான ஒரு மணி நேரமும் விடியலை ஒட்டிய ஒரு மணி நேரமும், அத்தகைய பயணத்தில் அகப்படுவதே இல்லை. ஆகவே இங்கே சொல்லப்படுபவை எல்லாம், ஒரு பிற்பகலில் போய்ச் சேர்ந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் மதியத்துக்கு மேல் புறப்படுபவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

ஊர், மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், ஹவுராவுக்கு வடக்கே ஏறத்தாழ 33 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. வரைபடத்தில் ஹூக்ளி என்று போட்டிருந்தாலும் அங்குள்ளவர்கள் ஆற்றைக் கங்கை என்றே சொல்கிறார்கள். நம் பழைய பாடநூல்களில் சந்திரநாகூர் என்று படித்தோமே, அந்த ஊர்தான் இது. புதுச்சேரிக் கடற்கரையில் சிலையாக நிற்கும் டூப்ளே, 1742-இல் புதுச்சேரிக்கு ஆளுநராவதற்கு முன்னால் பத்தாண்டு காலம் நிர்வாகம் செய்தது இங்கேதான். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வூர் புதுச்சேரிக்குக் கட்டுப்பட்டிருந்தது. 1949 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் இந்தியாவுடன் இணையவே பெருவாரியாக வாக்களித்தார்கள். 1950 மே 2-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1954 அக்டோபர் 2-இல் ஊர் மேற்கு வங்கத்தோடு சேர்ந்தது. புதுச்சேரி கைமாறியது அதற்கு அடுத்த மாதம் முதல் தேதியன்று. இந்த உறவை நினைவில் வைத்துக்கொண்டு போகும் தமிழருக்கு, அங்கே காணும் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும். ஆயினும் புதுச்சேரியின் மஞ்சள் சுவர்த் தெருக்களை எதிர்பார்த்துச் செல்லக் கூடாது. 1757 மார்ச்சில் ஆங்கிலேயரான கிளைவும் கடற்படைத் தளபதி வாட்சனும் ஊரைக் கைப்பற்றி, பிரெஞ்சுக்காரர்களின் ஓர்லியான் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியதும் பின்னால் எழுந்ததும்தான் இன்றைக்குக் கண்ணில் படுகின்றன.

செல்வதற்கு ஏற்ற காலம் நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய. ஏப்ரல், மே மாதங்களில் புழுக்கம் தாங்காது. சாயங்காலங்களில் கால்பைசாகி என்னும் புயற்காற்று திடீரென்று கிளம்பி, ஆற்றங்கரையில் இருப்பவர்களை ஓடி ஒதுங்க வைக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துர்க்கா பூஜைக்கு ஒரு மாதம் கழித்து, அக்டோபரிலோ நவம்பரிலோ வரும் ஜகத்தாத்ரி பூஜைதான் இவ்வூரின் பெருவிழா. ஆளுயரத்தைப் போல் பல மடங்கு உயர்ந்த தேவியின் உருவங்களும், ஊரின் விளக்குக் கலைஞர்கள் செய்யும் ஒளி அலங்காரங்களும், விடிய விடிய நடக்கும் ஊர்வலமும் பார்க்கத் தகுந்தவையே; ஆனால் அமைதி நாடிப் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிட வேண்டும். அறையும் கிடைக்காது, ஆற்றங்கரையில் நிற்க இடமும் கிடைக்காது. விழா இல்லாத காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டு, வாரத்தின் நடுவில் ஒரு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்கள், தாங்கள் பயணச்சீட்டு எடுத்த வண்டி எந்த நிலையத்தில் முடிகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுராவுக்கு வருவதில்லை, ஷாலிமாரில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஹவுரா நிலையத்துக்குச் சாலை வழியாகத்தான் வர வேண்டும். ஹவுராவுக்கே வரும் தென்னக வண்டிகள் பெரும்பாலும் புதிய வளாகத்தில் நிற்கும். சந்தன்நகருக்கான லோக்கல் ரயில்கள் கிளம்புவதோ பழைய வளாகத்திலிருந்து. மூட்டை முடிச்சுகளோடு நடக்கக் கால்மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

லோக்கல் ரயிலைத் தேர்வதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பேண்டல் லோக்கல், கட்வா லோக்கல், மெயின் பாதை வழியாகச் செல்லும் பர்த்தமான் லோக்கல் ஆகியவை சந்தன்நகர் வழியாகப் போகும். தாரகேஸ்வர் வண்டிகள் சேவ்ராபுலியில் கிளை பிரிந்துவிடும். பர்த்தமானுக்கு மெயின், கார்டு என்று இரண்டு பாதைகள் உண்டு. கார்டு பாதை டான்குனி வழியாகச் செல்வது, அது சந்தன்நகரைத் தொடுவதே இல்லை. முதல்முறை சென்றபோது பர்த்தமான் என்ற பெயரை மட்டும் பார்த்து ஓடிப்போய் ஏறிவிட்டேன். டான்குனி வந்த பிறகுதான், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் நான் இறங்க வேண்டிய இடத்தைக் கேட்டு, பதறிப்போய் என்னை இறக்கிவிட்டார். ஆற்றங்கரையில் கழித்திருக்க வேண்டிய அந்த மாலை முழுவதும் நடைமேடையில் போயிற்று. ஆகவே அறிவிப்புப் பலகையில் ஊர்ப் பெயரோடு நின்றுவிடாமல், எந்தப் பாதை என்பதையும் படித்துவிட்டு ஏறுங்கள். சரியான வண்டியில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பத்ரேஸ்வர், மான்குண்டு ஆகிய நிலையங்கள் கடந்ததும் இறங்கத் தயாராகலாம். காலையில் ஹவுராவை நோக்கியும் மாலையில் ஹவுராவிலிருந்து வெளியேயும் அலுவலகக் கூட்டம் நெருக்கும் என்பதால், நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையில் ஏறுவதே உட்கார்ந்து போக வழி.

நிலையத்துக்கு வெளியே பேட்டரியில் ஓடும் சிறு வண்டிகள் வரிசையாக நிற்கும். அவற்றை அங்கே டோட்டோ என்பார்கள். ஆற்றங்கரை நடைபாதையின் பெயரான ‘ஸ்ட்ராண்ட்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். கட்டணத்தை ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பிறரோடு சேர்ந்து போனால் சில்லறைக் காசுதான் ஆகும். தங்குவதற்கு மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி ஒன்றும், தனியார் விடுதிகள் சிலவும் உள்ளன. எதை எடுத்தாலும், அங்கிருந்து ஸ்ட்ராண்டுக்கு நடந்து போக எவ்வளவு நேரமாகும் என்ற ஒரே கேள்வியைக் கேட்டு முடிவு செய்யுங்கள். விடியற்காலையில் வண்டி தேடி அலையாமல் ஆற்றுக்குப் போய்ச் சேர்வதில்தான் இந்தப் பயணத்தின் பலன் முழுவதும் இருக்கிறது; அறையின் வசதிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஸ்ட்ராண்ட் என்பது ஆற்றை ஒட்டிப் பெருமரங்களின் நிழலில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் நடைபாதை. நடுவில் ஜோடாகாட் என்னும் படித்துறையில் தூண்கள் தாங்கிய ஒரு மண்டபம் இருக்கிறது; துர்காசரண் ரக்ஷித் என்ற ஊர்ப் பெரியவரின் நினைவாக அவர் மகன் கட்டியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போனால் குழந்தைகளும், ஜால்முரி என்னும் காரப்பொரி விற்பவர்களும், கைப்பேசியில் படமெடுக்கும் இளைஞர்களுமாகக் கூட்டம் இருக்கும். மனம் சலிக்க வேண்டாம். ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து காத்திருங்கள். சூரியன் ஊருக்குப் பின்புறம் இறங்குவதால் ஆறு சீக்கிரமே நிழலுக்குள் போய்விடும். எதிர்க்கரையில் ஜகத்தலின் சணல் ஆலைப் புகைபோக்கிகளில் மட்டும் கடைசி வெளிச்சம் சற்று நேரம் தங்கும். எட்டு மணியளவில் கூட்டம் கரைந்து, படகின் எஞ்சின் ஒலி தனியாகக் கேட்கத் தொடங்கும். கொசு அதிகம், முழுக்கைச் சட்டை அணிந்து போங்கள்.

இரவு உணவுக்குப் பெரிய ஏற்பாடுகளை எதிர்பார்க்க வேண்டாம். புலால் உண்ணாதவர்கள் ‘நிராமிஷ்’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீனையும் தவிர்ப்பவர் என்றால் அதைத் தனியாகச் சொல்லிவிடுவதும் நல்லது. பூரி போன்ற லூச்சியும், ஆலூர்தம் என்னும் உருளைக்கிழங்குக் கறியும் எங்கும் கிடைக்கும். கடுகெண்ணெய் வாசம் பழகாதவர்களுக்குக்கூட இவை ஒத்துக்கொள்ளும்.

மறுநாள் விடியலைத் தவறவிடக் கூடாது. கரை மேற்கில் இருப்பதால் சூரியன் எதிரே, நீருக்கு அப்பால், ஆலைகளின் பின்னாலிருந்து எழும். வங்கத்தில் பொழுது நமக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால், குளிர்காலத்திலும் ஐந்தரை மணிக்கே படித்துறையில் இருப்பது நல்லது. கடலிலிருந்து இவ்வளவு தொலைவு உள்ளே வந்த பிறகும் ஹூக்ளியில் கடலின் ஓதம் ஏறி இறங்குகிறது. இதை அறிந்துகொள்ள எந்தப் பலகையும் வேண்டாம், ஆகாயத்தாமரைத் திட்டு ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டால் போதும். நான் போன அந்தக் காலையில், பாய் அளவுள்ள ஒரு திட்டு, மேலே ஒரு கொக்கையும் சுமந்துகொண்டு, தெற்கே கடலை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதன் வேகம் குறைந்து, மண்டபத்துக்கு நேர் எதிரே அப்படியே நின்றுவிட்டது. நீரும் அசையவில்லை. ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் கழித்து, அதே திட்டு, அதே கொக்குடன், வடக்கு நோக்கித் திரும்பி வந்தது. படிகளில் காய்ந்திருந்த கறையின் மீது தண்ணீர் ஒவ்வொரு விரலாக ஏறத் தொடங்கியது. ஏறும் நீரை ஜோயார் என்றும், வடியும் நீரை பாட்டா என்றும் சொல்கிறார்கள். இன்று நீர் எப்போது திரும்பும் என்று முதல் நாள் மாலையிலேயே படகுத்துறையில் கேட்டு வைத்துக்கொண்டால், அந்தக் கணத்துக்காகச் சென்று உட்காரலாம். இதற்கு இணையான ஒரு காட்சியை ஊரின் எந்தக் கட்டடமும் எனக்குத் தரவில்லை.

வெயில் ஏறிய பிறகு கட்டடங்களைப் பார்க்கலாம். ஸ்ட்ராண்டிலேயே டூப்ளேயின் மாளிகை என்று வழங்கும் இல்லத்தில் அருங்காட்சியகமும் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் நிறுவனமும் இயங்குகின்றன. ஊரின் ஹரிஹர் சேட் திரட்டித் தந்த பொருள்களே இந்தக் காட்சியகத்தின் அடித்தளம். அதன் வார விடுமுறை நாளைத் தங்குமிடத்தில் விசாரித்த பிறகே பயணத் தேதியை உறுதி செய்யுங்கள். பக்கத்துத் தெருவில் 1884-இல் திறக்கப்பட்ட திரு இருதய ஆலயம் இருக்கிறது. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்காக முற்பகலில் போக வேண்டும். ஸ்ட்ராண்டின் தென்கோடியில், கீழ்த்தளம் ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் பாதாள வீடு தனியார் உடைமை என்பதால் வெளியே நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இரவீந்திரநாத் தாகூர் தங்கிய வீடு அது. சற்று உள்ளே லால்பாகான் பகுதியில், பிரெஞ்சுக்காரர்களிடம் திவானாக இருந்த இந்திரநாராயண் சௌத்ரி 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய நந்ததுலால் கோயில், ஓலைக்குடிசையின் கூரையைப் போல இருபுறமும் சரிந்த கூரையுடன் இருக்கிறது. நம் கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு அது முதலில் கோயிலாகவே தோன்றாது. மழை மிகுந்த நாட்டில் மூங்கில் வீட்டைச் செங்கல்லில் எழுப்பிய கைத்திறன் அது என்று புரிந்ததும் அதன் அழகு பிடிபடும்.

அரவிந்தரிடம் ஈடுபாடு உள்ளவர்கள் இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே வர வேண்டும். 1910 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து இரவோடு இரவாகப் படகில் கிளம்பிய அவர், பிரிட்டிஷார் கை வைக்க முடியாத இந்த ஊரில், மோதிலால் ராயின் உதவியோடு மறைந்திருந்தார். இங்கிருந்துதான் அவர் ஏப்ரல் 4-ஆம் தேதி புதுச்சேரி வந்து சேர்ந்தார். மோதிலால் ராய் தொடங்கிய பிரவர்த்தக சங்கம் இவ்வூரில்தான் இருக்கிறது. படித்துறையில் நின்று ஆற்றைப் பார்க்கும்போது அந்த இரவுப் படகு நினைவுக்கு வராமல் போகாது.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் ஜல்பரா சந்தேஷ் வாங்க வேண்டும். நுங்கின் வடிவில் அச்சிட்ட பால்கோவா போன்ற இனிப்பு அது. அதன் இன்னொரு பெயரான தால்ஷான்ஷ் என்பதற்குப் பொருளே நுங்குதான். நுங்குக்குள் நீர் இருப்பதுபோல் இதற்குள்ளும் பன்னீர் மணக்கும் பாகு இருக்கும். புது மாப்பிள்ளையை ஏமாற்றி விளையாடுவதற்காகத் தெலினிபாராவின் ஜமீன் வீட்டார் கேட்க, சூர்யகுமார் மோதக் செய்து தந்தார் என்பது ஊரார் சொல்லும் கதை. முன்பற்களால் ஓரத்தைக் கடித்தால் பாகு சட்டையில் சிந்தும்; சிறியதாக இருந்தால் முழுவதையும் வாயில் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நோலேன் குட் எனப்படும் புது ஈச்சவெல்லத்தில் செய்வார்கள், அதையே கேட்டு வாங்குங்கள். நீண்ட ரயில் பயணத்தில் கெட்டுவிடும் என்பதால் சென்னை வரை கொண்டுவர நினைக்க வேண்டாம்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால் வடக்கே டச்சுக்காரர்களின் சுஞ்சுராவுக்கும் ஷியா முஸ்லிம்களின் வழிபாட்டு மண்டபமான ஹூக்ளி இமாம்பாராவுக்கும், தெற்கே ஸ்ரீராம்பூருக்கும் போய் வரலாம். ஸ்ரீராம்பூரும் நம் தரங்கம்பாடியும் டேனிஷ்காரர்களால் 1845-இல் ஒன்றாகவே ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டவை. ஆனால் ஒரே நாள் உள்ளவர்கள் இவற்றை எல்லாம் திணிக்க முயன்றால் ஆற்றங்கரையை இழப்பார்கள்.

திரும்பும்போது வந்த வழியே போக வேண்டும் என்பதில்லை. ராணிகாட் படகுத்துறையிலிருந்து ஜகத்தலுக்குப் படகு சில ரூபாய்க் கட்டணத்தில் செல்கிறது. அக்கரையில் டோட்டோ பிடித்து ஜகத்தல் நிலையம் சென்றால், கொல்கத்தாவின் சியால்தா நிலையத்துக்குப் போகும் வண்டிகள் கிடைக்கும். விமானத்தில் ஊர் திரும்புபவர்களுக்கு இதுவே வசதியான வழி: டம்டமில் இறங்கி, மெட்ரோவில் நோவாபாரா சென்று, அங்கே மாறினால் விமான நிலையம் வரை மெட்ரோவிலேயே போய்விடலாம். படகுத்துறையின் மிதவை மேடை நீரோடு ஏறி இறங்குவதால், பாட்டா நேரத்தில் அதற்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும். கனமான பெட்டி உள்ளவர்களும் முதியவர்களை அழைத்துச் செல்பவர்களும் நீர் ஏறி நிற்கும் வேளையில் படகில் ஏறுவது பாதுகாப்பானது.