வாயில் டியூப் இருப்பவருக்கு வலிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மதுரையில் ஐசியூ டூட்டிக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மயக்க மருந்து ஓடுகிறது என்பதற்காக ‘வலி இல்லை’ என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள். மிடாசோலமும் புரோபோஃபாலும் தூங்க வைக்கும், வலியை எடுக்காது, அதற்கு ஃபென்டனில், மார்ஃபின் மாதிரி மருந்து தனியாக வேண்டும். நாலுவழிச் சாலையில் பைக்கில் அடிபட்டு விலா எலும்பு முறிந்து கிடப்பவர், தூக்கத்திலும் அந்த வலியோடுதான் கிடக்கிறார்.

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். “அண்ணே, வலிக்குதா? வலிச்சா கண்ணை மூடித் திறங்க” என்று கேளுங்கள். லேசாகப் பதில் கிடைத்தாலும் அதைவிடப் பெரிய சாட்சி எந்த அளவுகோலிலும் கிடையாது. பதிலே வராதவருக்குத்தான் சிபாட் (CPOT), அதாவது ஆளின் முகம், அசைவு போன்றவற்றைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் அளவுகோல். கனடாவின் நர்ஸிங் ஆய்வாளர் செலின் ஜெலினாவும் உடன் வேலை செய்தவர்களும் 2006-ல் வெளியிட்டது. நான்கு விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை, மொத்தம் 8.

ஆளைத் தொடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முகம் தளர்ந்திருந்தால் 0, புருவம் இறுகினால் 1, அதோடு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டால் 2. அடிபட்ட இடத்துக்கு மெல்லக் கை போனால் அசைவுக்கு 1, டியூபைப் பிடுங்கப் பார்த்தால், எழுந்து உட்காரப் பார்த்தால் 2. வென்டிலேட்டரோடு ஒத்துப்போனால் 0, இருமினாலும் தாங்கிக்கொண்டால் 1, மூச்சு மல்லுக்கட்டினால், அலாரம் விடாமல் அடித்தால் 2. டியூப் எடுத்தவராக இருந்தால் இதற்குப் பதிலாக முனகலையும் அழுகையையும் பாருங்கள். கடைசியாகத்தான் கையை மடக்கி நீட்டி விறைப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதலிலேயே தொட்டுவிட்டால் மற்றதெல்லாம் மாறிவிடும்.

சும்மா இருக்கும்போது பார்த்தது பாதிதான். புரட்டிப் படுக்க வைக்கும்போதும் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போடும்போதும் மறுபடி பாருங்கள், வலி வெளியே வருவது அப்போதுதான். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்லி வலி மருந்து கொடுத்து, அது வேலை செய்யும் நேரத்தில் திரும்பப் பாருங்கள்.

பிபியையும் நாடித் துடிப்பையும் மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். காய்ச்சல், ரத்தப்போக்கு, பிபியை ஏற்றக் கொடுக்கும் நார்அட்ரினலின் எல்லாமே அதை ஏற்றி இறக்கும். எகிறினால் ‘போய்ப் பார்’ என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அட்ராக்கூரியம், வெக்குரோனியம் மாதிரி தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்து ஓடினால் சிபாட் வேலைக்கு ஆகாது, தசையே அசையாதே! வலி இருப்பதாகவே எடுத்துக்கொண்டு வலி மருந்தை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தலையில் அடிபட்டவர் முகம் சுளிக்காமலே இருக்கலாம். திடீரென்று கண் திறப்பது, கண்ணீர், முகச் சிவப்பு இதையெல்லாம் கவனியுங்கள்.

அப்புறம், வெளியே காத்திருக்கும் வீட்டாரைக் கேளுங்கள். மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம், “தாயி, அவன் சின்னதுலருந்தே வலின்னா கட்டைவிரலை உள்ள மடக்கிக்குவான்” என்றார். சார்ட்டில் எழுதி வைத்தேன். அன்று இரவு அந்தப் பையனைப் புரட்டும்போது கட்டைவிரல் உள்ளே போனது. சிபாட் 2 தான் இருந்தது, ஆனாலும் டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன்.