பழைய ஸ்டீரியோ செட்டில் கெப்பாசிட்டர் மாற்றும்போது செய்யக்கூடாதவை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமெல்லாம் பழைய ஜப்பான் செட்டுகளுக்குத் திரும்பவும் மவுசு வந்துவிட்டது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் அந்தக் காலத்தில் சுமந்து வந்த சன்சுய், பயனியர், கென்வுட் ஆம்ப்ளிஃபையர்களைப் பரணிலிருந்து இறக்கி, நாலு வீடியோ பார்த்துவிட்டு, பிள்ளைகள் தாங்களே சால்டரிங் அயனை எடுக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் என் மேசைக்கு வருகிற செட்டுகளில் பல, ரீகேப் செய்ய, அதாவது பழைய கெப்பாசிட்டர்களை மாற்றப் போய்ப் பழுதானவை. பிளஸ் மைனஸ் பார்த்துப் போடு என்பதையெல்லாம் எல்லோரும் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

கரகரப்புக்கெல்லாம் கெப்பாசிட்டர் மேல் பழி போடுவது

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு எமன் சூடுதான். சூடு 10 பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 10 பாகை குறைந்தால் இரட்டிப்பாகும். நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொழும்பில் ஓடிய செட்டைவிட இங்கே ஓடிய செட்டில் கெப்பாசிட்டர்கள் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் மூடுபனியும் ஈரமும் சுவிட்ச், வால்யூம், ரிலே ஆகியவற்றின் தொடுமுனைகளைக் கறுக்க வைத்துவிடும். வால்யூமைத் திருப்பும்போது கரகரக்கிறதா? செலக்டரை அசைத்தால் ஒரு பக்கம் போய்ப் போய் வருகிறதா? முதலில் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் மாறாமல் இரு பக்கமும் ஒரே மாதிரி "ம்ம்ம்" என்று இரைந்தால், அப்போது பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம்.

இரண்டு சேனலையும் ஒரே மூச்சில் கழற்றுவது

இதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை.

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் தன் தாத்தாவின் செட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தான். கூடவே ஒரு ஷொப்பிங் பை. உள்ளே கழற்றிய பழைய கெப்பாசிட்டர்கள், எது எங்கே இருந்தது என்று தெரியாமல் கலந்து கிடந்தன. "ஒரே ராத்திரியில எல்லாத்தையும் மாத்திட்டேன் அண்ணே. சுவிட்ச் போட்டதும் ஃபியூஸ் போயிருச்சு" என்றான்.

போர்டைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு சிறிய கெப்பாசிட்டரின் கால் பக்கத்தில், பச்சைப் பூச்சுக்கு அடியில், செப்புத் தடம் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. ஈயம் முழுதாக இளகுவதற்கு முன்னால் இழுத்திருக்கிறான். அந்தத் தடம் பயாஸ் டிரான்சிஸ்டருக்குப் போவது. அது அறுந்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர்களை அடக்கி வைக்க ஆளில்லை. இரண்டும் முழுதாகத் திறந்து, ஃபியூஸ் உருகும் முன்பே ஷார்ட் ஆகிவிடும். அப்படித்தான் ஆகியிருந்தது. அந்த ரக டிரான்சிஸ்டர் இப்போது தயாரிப்பில் இல்லை. அந்த எண் அச்சிட்டு விற்கப்படுவதில் போலி ஏராளம். சில நூறு ரூபாய் கெப்பாசிட்டர் வேலை, நல்ல செட் ஒன்றின் உயிரையே எடுத்துவிட்டது.

ஸ்டீரியோ செட்டில் ஒரே சர்க்கியூட் இரண்டு தடவை இருக்கிறது. சர்வீஸ் மேனுவல் இல்லாதவனுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது. இடது பக்கத்தில் 1.2 வோல்ட் காட்டும் இடத்தில் வலது பக்கம் 4 வோல்ட் காட்டினால், தப்பு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். இரண்டையும் ஒன்றாகப் பிரித்துவிட்டால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. அதோடு, ஒரு பக்கம் செய்த தவறை மறுபக்கமும் அப்படியே செய்திருப்பீர்கள்.

ஆகவே, முதலில் படம் எடுங்கள். ஒரு சேனலை மட்டும் தொடுங்கள். அதிலும் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்துக்கே புதியதைப் போட்ட பிறகுதான் அடுத்தது. பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்தால் சீக்கிரம் இளகும். அப்புறம் 60 அல்லது 100 வாட் இழை பல்ப் ஒன்றைச் செட்டுக்கு வரும் லைனில் தொடராக இணைத்து கரண்ட் கொடுங்கள். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமலே எரிந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பையன் இதைச் செய்திருந்தால் பல்ப் எரிந்திருக்கும், டிரான்சிஸ்டர் தப்பியிருக்கும். கடைசியாக, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதன் முனைகளில் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் மறுபக்கத்துக்குப் போகலாம்.

ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் செய்து சார்ஜ் இறக்குவது

வேண்டாம். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைக் கெப்பாசிட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில வினாடிகள் வைத்து, வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள்.

பெரிதாகப் போட்டால் பாஸ் கூடும் என்று நம்புவது

வோல்ட் அளவு கூடலாம், குறையவே கூடாது. மைக்ரோஃபாரட், அதாவது கொள்ளளவு விஷயம் வேறு. 10,000 இருந்த இடத்தில் 22,000 வைத்தால், சுவிட்ச் போடும் ஒவ்வொரு தடவையும் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரும் சுவிட்சும், அதை நிரப்பப் பாயும் கரண்டின் அடியைத் தாங்க வேண்டும். அவற்றுக்கும் உங்கள் செட்டின் வயதுதான்.

பழுப்புப் பசையைக் கசிவு என்று நினைப்பது

பெரிய கெப்பாசிட்டரின் அடியில் காய்ந்து கிடக்கும் பழுப்பு நிறப் பொருள் பெரும்பாலும் தொழிற்சாலையில் ஆடாமலிருக்க வைத்த பசை. அதைப் பார்த்து நல்ல கெப்பாசிட்டரைத் தூக்கி எறிகிறார்கள், பசையை விட்டுவிடுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. நாளானால் அந்தப் பசை மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், பக்கத்திலிருக்கும் டயோடு, ரெசிஸ்டர் கால்களை அரிக்கும். மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள்.

மைக்ரோஃபாரட் மட்டும் அளந்து "நல்லது" என்று முடிவு செய்வது

அளவு சரியாகவே காட்டும். உள் தடை ஏறியிருக்கும். அந்தத் தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

துருவமில்லாத கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் சாதாரணமானதைப் போடுவது

பிபி (BP) அல்லது என்பி (NP) என்று எழுதியிருந்தால் அது பிளஸ் மைனஸ் இல்லாதது. அதே வகையைத்தான் போட வேண்டும்.

100 வோல்ட் செட்டை நேராகச் செருகுவது

ஜப்பான் உள்நாட்டுச் செட்டுகள் 100 வோல்ட். நம் லைன் 230. கெப்பாசிட்டர் மாற்றியாகிவிட்டது என்ற அவசரத்தில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோர்மரை மறந்து செருகிய செட்டுகளும் என்னிடம் வந்திருக்கின்றன. பின்பக்கத் தகட்டைத் துடைத்து எழுத்தைப் படித்த பிறகே பிளக்கைத் தொடுங்கள்.