நெப்போலியன் வாழ்க்கை வரலாறு: எந்தப் புத்தகத்தை எடுப்பது, எங்கிருந்து வாசிப்பது

நெப்போலியனைப் பற்றி வந்த புத்தகங்களுக்குக் கணக்கே இல்லை. யாழ்ப்பாணம் பொது நூலகத்திலோ ஒரு புத்தகக் கடையிலோ இறாக்கைக்கு முன்னால் நின்று எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு இது. முதல் அத்தியாயத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1769இல் கொர்சிக்காவில் பிறந்தார், பீரங்கிப் படையில் சேர்ந்தார் என்று அது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். பின்பக்கம் சுட்டி இருந்தால் யாஃபா (மத்தியதரைக் கடலோரப் பாலஸ்தீன நகரம்), ஹெயிட்டி (கரீபியனில் அன்று பிரெஞ்சுக் குடியேற்றம்), சென் ஹெலினா (கடைசியில் அவரை நாடுகடத்திய அத்திலாந்திக் தீவு) என்ற பெயர்களைத் தேடி, அந்தப் பக்கங்களை அங்கேயே நின்று வாசியுங்கள்.

யாஃபா முக்கியம். 1799 மார்ச்சில் அந்த நகரம் விழுந்தபோது, உயிருக்கு உத்தரவாதம் என்று நம்பிச் சரணடைந்த கைதிகளை ஆயிரக்கணக்கில் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள், உத்தரவு கொடுத்தவர் நெப்போலியன். சில ஆசிரியர்கள் இதை அரை வரியில் தாண்டிவிட்டு, அதே ஊரில் கொள்ளைநோய் பிடித்த வீரர்களை அவர் பயமில்லாமல் தொடுவதாகக் காட்டும் ஓவியத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். அந்த ஓவியம் வந்தது 1804இல், அவர் பேரரசராக முடிசூடிய அதே வருடம், அப்புறம் நீங்களே யோசியுங்கள். கைதிகளுக்குப் போடச் சாப்பாடு இல்லை, முன்பு விடுவித்தவர்களே திரும்ப ஆயுதம் தூக்கினார்கள் என்று காரணம் சொல்கிறவர்களும் உண்டு. சொல்லட்டும். நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சுப் புரட்சி 1794இல் ஒழித்த அடிமை முறைக்கு 1802இல் மறுபடி சட்டத்தில் இடம் கொடுத்தவரும் இவர்தான். அடிமைகளின் கிளர்ச்சியை நடத்திய ஹெயிட்டித் தலைவர் துசேன் லூவெர்த்யூர் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு 1803இல் சிறையிலேயே இறந்தார். நெப்போலியன் கொண்டுவந்த 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்புக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்து இதை விட்டுவிட்ட புத்தகத்தை நான் இறாக்கையிலேயே திரும்ப வைத்துவிடுவேன்.

சென் ஹெலினாவில் அவர் சொல்லச் சொல்ல, கூடப் போயிருந்த லாஸ் காஸ் குறித்துவைத்தது 1823இல் வெளிவந்தது. தோற்றுப்போனவர் தீவில் இருந்துகொண்டு தன் கதையைத் தானே செப்பனிட்டது அது. வாசிக்கச் சுவையானதுதான், ஆனால் ஆசிரியர் அதை அப்படியே நம்பி எழுதியிருந்தால் கவனம்.

சரி, எடுத்தாயிற்று. வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு ஐரோப்பிய வரைபடம் இருக்கட்டும், இல்லாவிட்டால் 1812 விளங்கவே விளங்காது. ஜூனில் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு ரஷ்யாவுக்குள் போனவருக்கு, செப்டெம்பரில் மொஸ்கோவுக்கு முன்னால் பொரோடினோச் சண்டையில் நின்றது ஏறக்குறைய 1,30,000 பேர். வழியில் விட்டுவைத்த காவல்படைகளைக் கழித்தாலும், வெயில், வயிற்றோட்டம், தீனி இல்லாத குதிரைகள் என்று பனி விழும் முன்னரே படை கரைந்துவிட்டது. பனிதான் தோற்கடித்தது என்று எழுதியிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள், பென்சிலால் மட்டும், அதுவும் சொந்தப் புத்தகமாக இருந்தால்.

ஒரு கொப்பியில் காலவரிசையும் எழுதிக்கொண்டு போங்கள், பக்கத்து நிரலில் நம்மூர் நடப்பு. பிரெஞ்சுப் படை ஒல்லாந்தைப் பிடித்ததால்தான் பிரித்தானியர் ஒல்லாந்தரின் இடங்களைக் கைப்பற்ற இறங்கினார்கள், 1795 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கோட்டை கைமாறியது. அடுத்த மாதம் 5ஆம் திகதி பாரிசில் கலகக்காரர்களைப் பீரங்கியால் சுட்டுத்தான் நெப்போலியன் பெயர் வெளியே தெரிந்தது. பிறகு 1802இல் அவருடைய ஆட்சியோடு பிரித்தானியர் செய்த ஆமியன் உடன்படிக்கைதான் இலங்கையின் கரையோரத்தை அவர்களுக்கு உறுதியாக்கியது. ஏ.எல். வரலாறு படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த நிரல் நன்றாக உதவும்.

முதல் புத்தகம் பிரித்தானியர் எழுதியதாக இருந்தால் இரண்டாவதைப் பிரெஞ்சுக்காரர் எழுதியதாக எடுங்கள். இரண்டையும் முழுதாக ஒப்பிட நேரமில்லை என்றால் அவர் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூச் சண்டை பற்றிய அத்தியாயம் மட்டும் போதும், 1815 ஜூன் 18இல் பிரித்தானியருக்குத் துணையாகப் பிரஷ்யப் (ஜெர்மானிய) படை மாலையில் வந்து சேர்ந்ததற்கு யார் எத்தனை பந்தி கொடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.