ஃபால்ஸ் சீலிங் போடும் முன் விசிறியை அளந்துவிடுங்கள்

மின்விசிறி மேலிருந்து காற்றை இழுத்துத்தான் கீழே தள்ளுகிறது. இறக்கைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு அடியாவது இல்லையென்றால், முழு வேகத்தில் வைத்தாலும் காற்று மந்தமாகத்தான் வரும். மே மாதப் புழுக்கத்தில் இது பெரிய அவதி. ஒன்பதரை அடி உயர ஃபிளாட்டில் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்தே அரை அடியை எடுத்துக்கொள்ளும். அதனால் சுவரோரம் மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்குப் போட்டு, நடுவை அப்படியே விடுவதுதான் நல்லது.

முழுதாகத்தான் வேண்டுமா? விசிறியைத் தொங்கவிட நீளமான கம்பி வாங்குங்கள். ஆனால் இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே இறங்கக்கூடாது. விசிறியைக் கான்கிரீட் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். ஜிப்சம் சட்டம் அந்த எடையையும் அதிர்வையும் தாங்காது.

ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் மேல்பக்கமாகக் காற்றை இழுக்கும். அதற்கு மேலேயும் அரை அடி விடச் சொல்லுங்கள்.