சியோங்னாம் பற்றி எழுத வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு தம்பி, தான் எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். தென் கொரியத் தலைநகர் சியோலின் தெற்கு எல்லையை ஒட்டி இருக்கும் சியோங்னாம் நகரத்தின் கதை. நன்றாகவே எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: “1971-இல் கொதித்தெழுந்த குவாங்ஜு மக்கள் 1980-இல் மீண்டும் எழுந்தார்கள்.” படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே தவறை நானும் செய்திருக்கிறேன், அதுவும் அச்சில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் உச்சரிப்பு, வோன் கணக்கு, எந்த ரயிலில் ஏறுவது போன்றவற்றில் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன். ஊருக்கு நாலு தடவை போய்வந்தால் அவை தானாகச் சரியாகிவிடும்.

கதையைப் புன்டாங்கில் தொடங்குவது

புதிதாக வருகிற எல்லாரும் முதலில் பார்ப்பது சியோங்னாமின் புதுநகரான புன்டாங்கைத்தான். அகலமான சாலைகள், பூங்காக்கள், வரிசையாக அடுக்குமாடிகள், பக்கத்திலேயே பாங்யோவின் மென்பொருள் நிறுவனங்கள். “சொர்க்கம், அதற்கு அடுத்து புன்டாங்” என்று கொரியர்களே சொல்வார்கள். அந்தப் புதுநகர் 1989 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது, முதல் குடும்பங்கள் 1991 செப்டம்பரில் வந்தன. ஆனால் சியோங்னாம் நகராட்சி ஆனது 1973 ஜூலை 1. புன்டாங்குக்குப் பதினெட்டு வருடம் மூத்த ஊர் அது. அந்தப் பழைய ஊர் சுஜோங், ஜுங்வோன் வட்டங்களில் மேட்டிலும் பள்ளத்திலுமாக இன்னும் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் மீதிக் கதை நிற்காது.

இரண்டு குவாங்ஜுக்களையும் ஒன்றாக்குவது

கொரியாவில் குவாங்ஜு என்ற பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று கியோங்கி மாகாணத்தில், சியோலுக்குப் பக்கத்தில். இன்னொன்று ஜோல்லா பகுதியில், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தெற்கே. 1980 மே மாதம் ராணுவம் மக்களைச் சுட்டது இரண்டாவதில். கொரிய எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல், தமிழிலும் அப்படியே. சீன எழுத்தில் மட்டும்தான் வேறுபாடு தெரியும்: கியோங்கியின் குவாங்ஜுவில் முதல் எழுத்துக்குப் ‘பரந்த’ என்று பொருள், ஜோல்லாவின் குவாங்ஜுவில் ‘ஒளி’.

சியோங்னாம் பிறந்தது முதல் குவாங்ஜுவில். 1960-களின் இறுதியில் சியோல் மாநகராட்சி சோங்கெச்சோன் ஓடைக்கரையிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இருந்த குடிசைகளைப் பிரித்தெறிந்தது. அந்தக் குடும்பங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், அன்றைய குவாங்ஜு மாவட்டத்தின் மலைச்சரிவில் இறக்கியது. குடும்பத்துக்கு 20 பியோங் நிலம் என்று பேச்சு. அதாவது 66 சதுர மீட்டர், நம் கணக்கில் ஒன்றரை சென்ட்டுக்குச் சற்று மேல். வீடு இல்லை, கூடாரம்தான். தண்ணீர், கழிப்பறை, வேலை எதுவும் சரியாக இல்லை. அந்த இடத்துக்கு வைத்த பெயர் ‘குவாங்ஜு தேதான்ஜி’, குவாங்ஜு பெருங்குடியிருப்பு.

இனி என் தவறு. சியோங்னாமின் மோரான் சந்தையில் எள்ளும் காட்டெள்ளும் வறுத்து எண்ணெய் ஆட்டும் கடைகள் ஒரு வரிசை உண்டு. அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே நல்லெண்ணெய் வாசம் மூக்கைத் துளைக்கும். அங்கே ஒரு பாட்டி எள் புடைத்துக்கொண்டிருந்தார். பேச்சில் ஜோல்லா வழக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. இந்த ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். சொந்த ஊர் ஜோல்லா என்றார், சியோலில் கொஞ்ச காலம் என்றார், அப்புறம் 69-இல் குவாங்ஜு என்றார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு என் இஷ்டத்துக்கு வரிசை மாற்றினேன். ‘குவாங்ஜுவில் பிறந்து, பிழைப்புத் தேடி சியோங்னாமுக்கு வந்தவர்’ என்று எழுதி, ஒரு சிற்றிதழில் அச்சாகியும் விட்டது.

அடுத்த முறை போனபோது இதழைக் காட்டி, அவரைப் பற்றி எழுதியிருப்பதைக் கொரியத்தில் சொன்னேன். பாட்டி முறத்தைக் கீழே வைத்தார். “நான் குவாங்ஜுவிலிருந்து வரவில்லை. குவாங்ஜுவில் என்னை இறக்கிவிட்டார்கள்.” கால் செருப்பால் தரையை இரண்டு தடவை தட்டினார். “இதுதான் குவாங்ஜு.”

ஒரே ஒரு ஊர்ப்பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டதில் அவருடைய வெளியேற்றமே காணாமல் போயிருந்தது. துரத்தப்பட்ட ஒருவரை, தானாகப் பிழைக்க வந்தவராக நான் மாற்றிவிட்டேன். அடுத்த இதழில் திருத்தம் போட்டார்கள், மூலையில் நாலு வரி. கட்டுரையைப் படித்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? இன்று நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அதே தவறை வேறொருவர் கையெழுத்தில் பார்க்கும்போது இன்னும் அதிகமாக வருகிறது. தம்பியின் வரியில் நடந்ததும் அதுதான். ஒரே ஊர் இரண்டு தடவை கிளர்ந்தெழுந்தது என்று படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் 1971-இல் எழுந்தவர்கள் சியோலிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகள், கேட்டது நில விலையைக் குறை என்று. 1980-இல் எழுந்தவர்கள் வேறொரு நகரத்தார், எதிர்த்தது ராணுவ ஆட்சியை. இரண்டையும் ஒட்டவைத்தால் இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

சரி, எப்படிப் பிரித்தறிவது? ஆண்டு 1968-க்கும் 1973-க்கும் இடையில் இருந்து, கூடவே கூடாரம், 20 பியோங், தேதான்ஜி என்ற சொற்கள் வந்தால் கியோங்கி. மே 1980 என்றால் ஜோல்லா. அந்தக் காலக் கொரிய நாளிதழ்களில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் சீன எழுத்தில் இருக்கும், முதல் எழுத்தைப் பாருங்கள். யாராவது வாயால் சொல்லும்போது மட்டும் இவை எதுவும் உதவாது. “எந்த குவாங்ஜு?” என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். ஒரு நொடி வேலை. நான் கேட்கவில்லை.

1971-ஐக் ‘கலவரம்’ என்று எழுதுவது

பழைய செய்திகளில் அப்படித்தான் இருக்கும். அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

நடந்தது இது. பிழைக்க வழியில்லாமல் பலர் தங்கள் மனைச் சீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களில் தரகர்களும் உண்டு, வாடகைக்கு இருந்த ஏழைகளும் உண்டு. 1971 ஏப்ரலிலும் மேயிலும் தேர்தல்கள் முடிந்தன. அதன் பிறகு, சீட்டை வாங்கியவர்கள் ஒரு பியோங்குக்கு 8,000 முதல் 16,000 வோன் வரை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. மக்கள் குழு அமைத்துப் பேசினார்கள்: விலையைக் குறை, தவணையில் வாங்கு, வரியைத் தள்ளுபடி செய், வேலைக்கு வழி செய். ஆகஸ்ட் 10-ஆம் தேதி காலை சியோல் மேயர் நேரில் வருவதாகச் சொன்னார். பல்லாயிரம் பேர் காத்திருந்தார்கள். சொன்ன நேரத்துக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு அலுவலகமும் வண்டிகளும் எரிந்தன. அன்று மாலைக்குள் கோரிக்கைகளை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. ஆனால் 20-க்கும் மேற்பட்டோர் மேல் வழக்குப் போட்டார்கள்.

ஐம்பது வருடம் கழித்து, 2021-இல், சியோங்னாம் நகராட்சியே இதற்கு ‘8·10 சியோங்னாம் மக்கள் உரிமை இயக்கம்’ என்று பெயர் சூட்டியது. அந்த ஊர் தானே வைத்துக்கொண்ட பெயர் இருக்கும்போது நமக்கு எதற்குக் ‘கலவரம்’?

மோரானுக்கு எந்த நாளிலும் போவது

4, 9-இல் முடியும் தேதிகளில்தான் பெரிய சந்தை.

கோட்டையை முழுக்கச் சியோங்னாமுக்குக் கொடுப்பது

‘சியோங்னாம்’ என்றால் கோட்டைக்குத் தெற்கே. கோட்டை, நம்ஹான்சான்சோங். 1636-இல் சிங் (Qing) அரசின் மஞ்சுப் படை வந்தபோது மன்னர் இன்ஜோ 47 நாள் அடைபட்டுக் கிடந்த இடம், 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். மதிலுக்கு உள்ளே இருக்கும் கிராமம் இன்றும் குவாங்ஜுவைச் சேர்ந்தது. எந்த குவாங்ஜு என்று இப்போது சொல்லத் தேவையில்லை.

பழைய ஊரின் தேப்யோங் சரிவுகளை வெறும் அழகுப் படமாக்குவது

செங்குத்தான தெரு, இரண்டு பக்கமும் நெருக்கியடித்த வீடுகள், மொட்டை மாடியில் மிளகாய் காயும். படம் நன்றாகத்தான் வரும். ஆனால் தெரு ஏன் மலையை வளைந்து ஏறாமல் நேராக ஏறுகிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள். மேடு பள்ளம் பார்க்காமல் காகிதத்தில் கட்டம் போட்டு வெட்டிய 20 பியோங் மனைகள் அவை. சில வீடுகளில் இரண்டு கையையும் விரித்தால் முன்சுவரின் பாதி அகலம் வந்துவிடும்.

பழைய ஊரில் மறுகட்டுமானம் வேகமாக நடக்கிறது. நூற்றுக்கணக்கான மனைகளை ஒன்றாக்கி அடுக்குமாடி எழுப்பும்போது அந்தக் கட்டமும் சேர்ந்தே அழிகிறது. அதனால் தம்பிக்கு இப்படிப் பதில் எழுதினேன்: வரியைத் திருத்துங்கள், அதோடு இந்த மாதமே ஒரு நடை போய்வாருங்கள், 4-இல் முடியும் தேதியில், காலையிலேயே. முதலில் எண்ணெய்க் கடைத் தெரு, பிறகு தேப்யோங் மேடு, புன்டாங் கடைசியில்.