புதிய பாகம் பொருத்தியதும் கணினி இயங்கவில்லையா? நீலகிரிவாசிகள் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வீட்டுக் கணினியை மேம்படுத்துவோர் பலர், ரேம் (தற்காலிக நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்), கிராபிக்ஸ் கார்டு போன்றவற்றைக் கோவைக்குச் சென்று வாங்கி வருகிறார்கள் அல்லது கூரியரில் வரவழைக்கிறார்கள். பொருத்திய பின் திரை கறுப்பாகவே நின்றால், பாகம் பழுது என்று முடிவுகட்டி மீண்டும் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்க வேண்டியதில்லை. பல வேளைகளில் பாகம் நன்றாகவே இருக்கும்; பொருத்திய விதத்தில்தான் குறை இருக்கும்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே கவனம் தேவை. குளிரில் கிடந்த பொருளை அடுப்பும் ஹீட்டரும் எரியும் வீட்டுக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால், அதன் மீது ஈரம் படியும். உறையோடு இரண்டு மூன்று மணி நேரம் அறையில் வைத்திருந்து பிறகு பிரியுங்கள். உறைபனிக் காலத்தில் காற்று வறண்டிருப்பதால், கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைமின்சாரம் ரேமைக் கெடுக்கக்கூடியது. ஆகவே பருத்திச் சட்டையோடு அமர்ந்து, மின்கம்பியைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ரேம் மாற்றிய பின் படம் வரவில்லை என்றால், அதைக் கழற்றி மறுபடி அழுத்துங்கள். முனையிலுள்ள பூட்டு 'டக்' என்று தானாக விழ வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரு பக்கம் கோடுபோல வெளியே தெரிந்தால், அது இன்னும் முழுமையாக இறங்கவில்லை. டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரு ரேம் வகைகளின் பள்ளமும் வெவ்வேறு இடத்தில் இருக்கும் என்பதால், இறங்காத ரேமை வலுக்கட்டாயமாகத் திணிக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள மதர்போர்டுகளில் (பாகங்களெல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் அதற்குரியது. டிடிஆர்5 முதல்முறை இயங்கும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அதற்குள் பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். அப்போதும் பலனில்லை என்றால், மின்கம்பியைக் கழற்றிய நிலையில் மதர்போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போட்டால், பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்புகள் ஆரம்ப நிலைக்கு வரும்.

கிராபிக்ஸ் கார்டு பொருத்தியிருந்தால், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். ஸ்லாட் வழியாகக் கிடைப்பது 75 வாட்தான். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) கார்டுக்கு வரும் எட்டு முள் இணைப்பு 150 வாட் தரும். அந்த இணைப்பை மறந்தாலும், எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் போதாவிட்டாலும், படம் வராது அல்லது கேம் விளையாடும்போது கணினி திடீரென அணையும்.

எஸ்எஸ்டி விஷயத்தில் அதிகம் பயமுறுத்துவது, புதியதைப் பொருத்தியதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போவதுதான். சில மதர்போர்டுகளில் எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால், ஹார்டு டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்களில் ஒன்று செயலிழக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் டிஸ்க் திரும்பி வந்துவிடும், தகவல்கள் எங்கும் போயிருக்காது. பயாஸில் தெரியும் புதிய எஸ்எஸ்டி விண்டோஸில் தெரியாவிட்டால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அதை இனிஷியலைஸ் செய்ய (பயன்பாட்டுக்குத் தயார்ப்படுத்த) வேண்டும். கொள்ளளவைப் பார்த்து, அது புதிய டிஸ்க்தானா என்று உறுதிசெய்த பிறகே அதைச் செய்யுங்கள். இந்த ஓரிடத்தில் அவசரப்பட்டால் குடும்பப் புகைப்படங்கள் மொத்தமும் போய்விடக்கூடும்.

புதிய பிராசஸருக்காக பயாஸ் அப்டேட் செய்ய நேர்ந்தால், யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். பாதியில் நின்றால் மதர்போர்டே முடங்கக்கூடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் காற்று அடர்த்தி குறைவு என்பதால், ஃபேன் வெளியேற்றும் வெப்பமும் குறையும். ஊர்க் குளிர் அதைப் பெருமளவு ஈடுசெய்தாலும், கேபினெட்டைச் சுவரோடு ஒட்டியோ ஹீட்டர் அருகிலோ வைக்க வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு இயங்கவில்லை என்றால், பழைய பாகங்களையே போட்டு கணினி ஓடுகிறதா என்று பார்த்து, புதியவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, அதை முடிந்தால் நண்பர் வீட்டுக் கணினியிலும் சோதித்துவிட்டு, சாதாரண பாலித்தீன் பையில் போடாமல், அது வந்த நிலைமின் தடுப்பு உறையிலேயே வைத்து, பில்லோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். மதர்போர்டில் எந்த விளக்கு எரிந்தது, எத்தனை பீப் ஒலி கேட்டது என்பதையும் குறித்துக் கொடுங்கள்.