வீட்டுக் கடனை வெள்ளனக் கட்டி முடிப்பது எப்படி: வன்னிக் குடும்பங்களுக்கான செய்முறை

20 இலட்சம் ரூபாய் கடன், 12 வீத வட்டி, 15 வருடம். மாதத் தவணை 24,003 ரூபாய். முதல் மாதம் கட்டும் காசில் 20,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கடனில் கழிவது மிச்சம் 4,003 ரூபாய்தான். இப்படியே 15 வருடம் கட்டினால் வட்டி மட்டும் 23 இலட்சத்து 20 ஆயிரம் வரும். வாங்கிய காசை விட வட்டி கூட.

இதே கடனுக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் 11 வருடம் 4 மாதத்தில் கதை முடியும். மிச்சமாகும் வட்டி ஆறரை இலட்சத்துக்கு மேல். இதற்காக வயிற்றைக் கட்ட வேண்டியதில்லை, கோயில் குளம் போகாமல் இருக்க வேண்டியதும் இல்லை. எந்தக் காசை, எப்போது, எப்படிக் கட்டுவது என்ற ஒழுங்குதான் வேண்டும்.

படி 1: வங்கி தந்த கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

கடன் அனுமதித்தபோது தந்த கடிதம் பெரும்பாலும் அலுமாரியில் காணி உறுதியின் பிரதியோடு கிடக்கும். அதில் மூன்று விடயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, வட்டி நிலையானதா, மாறுவதா. மாறும் வட்டி என்றால் 'ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். கூட்டல் இத்தனை வீதம்' என்று எழுதியிருக்கும். வங்கிகள் தங்கள் முதல்தர வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கும் வட்டியின் சராசரி இது, மத்திய வங்கி கிழமைக்கு ஒருக்கால் வெளியிடும். 2022 கடைசியில் 25 வீதத்தையும் தாண்டிப் போனது, 2025இல் 8, 9 வீத அளவுக்கு இறங்கியது. வட்டி உச்சத்தில் இருந்தபோது நிலையான வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள், கூடுதலாக ஒரு சதம் கட்டுவதற்கு முன்னம் வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் வங்கிகள் பெரும்பாலும் தானாகக் குறைப்பதில்லை. மாறும் வட்டிக்காரருக்கு வேறொரு வழி இருக்கிறது. வட்டி இறங்கித் தவணை குறைந்தாலும் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். பழகிய தொகை என்றபடியால் வீட்டுச் செலவில் கை வைக்கத் தேவையில்லை.

இரண்டாவது, முன்கூட்டியே கட்டினால் அபராதக் கட்டணம் உண்டா. வங்கிக்கு வங்கி இது வேறுபடும். இருந்தால் பயப்பட வேண்டாம், கணக்குப் பாருங்கள். ஒரு இலட்சத்துக்கு 3 வீதம் என்றால் 3,000 ரூபாய். 12 வீதக் கடனில் அந்த ஒரு இலட்சம் மாதம் 1,000 ரூபாய் வட்டியை நிறுத்துகிறது. மூன்று மாதத்தில் அபராதம் திரும்பி வந்துவிடும். கடன் முடிய ஆறேழு மாதமே இருக்கும்போது கட்டுவதென்றால்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பகுதியாகக் கட்டும்போது ஆகக் குறைந்த தொகை ஏதும் விதித்திருக்கிறார்களா என்பது.

படி 2: வீட்டுக் கடனுக்கு முன்னம் அடைக்க வேண்டியவை

ஐந்தரை இலட்சம் ரூபாய் இந்திய வீட்டுத்திட்ட உதவியில் சுவர் எழுப்பி, மிச்ச வேலைக்கு நகையை வைத்தும் நுண்நிதிக் கடன் எடுத்தும் வீட்டை முடித்த குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நிறைய. உங்களிடமும் அப்படி இரண்டு மூன்று கடன் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி, வட்டி கூடியதை மேலே போடுங்கள். மேலே இருப்பதை முதலில் அடையுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லீசிங் கடைக்காரர் '12 வீதம்தான்' என்று சொன்னால் அது பெரும்பாலும் முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடும் வட்டி. நாலு வருடத்துக்கு அப்படி 12 வீதம் என்றால், வங்கி கணக்குப் பார்க்கும் முறையில் அது ஏறத்தாழ 21 வீதம். உழவு இயந்திரமோ மோட்டார் சைக்கிளோ லீசிங்கில் இருந்தால் வீட்டுக் கடன் பொறுத்திருக்கட்டும். ஆனால் லீசிங்கை இடையில் முடிக்கப் போனால் எவ்வளவு தள்ளுபடி தருவார்கள் என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். வராத மாதங்களின் வட்டியையும் சேர்த்துக் கேட்டால் அவசரப்பட்டு அடைப்பதில் பலனில்லை.

மறுபக்கமும் உண்டு. அரச ஊழியரின் இடர்கடன், வீடமைப்பு அதிகார சபையின் சலுகைக் கடன் போன்ற குறைந்த வட்டிக் கடன்களை அவசரமாக அடைக்காதீர்கள். நிலையான வைப்பு அதைவிடக் கூட வட்டி தருமானால் காசு அங்கே இருப்பதுதான் இலாபம். வைப்பு வட்டியில் 2025 சித்திரை முதல் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 3: மூன்று தவணைக் காசு கையில்

மேலே சொன்ன கடனுக்கு இது 72,000 ரூபாய். வேறு வங்கியில், ஏ.ரி.எம். அட்டை இல்லாத சேமிப்புக் கணக்கில் போட்டு வையுங்கள். 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் பயிரும் ஆடு மாடும் போனவர்களுக்கு இதன் தேவையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வங்கியில் கூடுதலாகக் கட்டிய காசைத் திருப்பிக் கேட்க முடியாது. கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, தவணை தவறினால், வங்கிகள் கடன் தருமுன் பார்க்கும் கடன் தகவல் பணியகத்தில் (CRIB) அது பதிவாகும், பிறகு நகையையும் அடகு வைக்க வேண்டி வரும்.

படி 4: கொண்டாட்டக் காசை முதலில் ஒதுக்குங்கள்

பலர் பிழைவிடும் இடம் இதுதான். முதல் ஆறு மாதம் எல்லாவற்றையும் இறுக்குவார்கள். பிறகு வற்றாப்பளைப் பொங்கல் வரும், மடுத் திருவிழா வரும், சொந்தத்துக்குள் ஒரு சாமத்தியவீடும் கலியாணவீடும் சேர்ந்து வரும். வெறுங்கையோடு போக முடியாது. அடகுக் கடைக்குப் போவார்கள். 12 வீதக் கடனை அடைக்க அதைவிடக் கூடிய வட்டிக்குக் கடன் எடுத்த கதையாகிவிடும்.

ஒரு வருடத்துக்கு வரக்கூடியதை எழுதிப் பாருங்கள்: தைப்பொங்கல், தீபாவளி அல்லது நத்தார் உடுப்பு, கோயில் அல்லது மடுப் பயணத்துக்கு வான் கூலி, பிள்ளைகளின் கொப்பி புத்தகம், நாலைந்து விசேஷங்களுக்குக் கொடுக்கும் காசு. மொத்தம் 60,000 வந்தால் மாதம் 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். கூடுதல் தவணைக்கு முன்னம் இது போக வேண்டும். இதற்கு மேல், கணவன் மனைவி இருவருக்கும் கணக்குக் கேட்காத கைச்செலவு கொஞ்சம் இருக்கட்டும். 2,000 ரூபாய் கைச்செலவை வெட்டி மிச்சம் பிடிப்பதைவிட, பாவிக்காமல் கிடக்கும் இரண்டாவது போன் டேட்டாவையும் கடையில் எழுதி வாங்கும் பழக்கத்தையும் நிறுத்தினால் அதே காசு வரும், வீட்டில் முகமும் சுளிக்காது.

படி 5: காசு வரும் காலத்தில் கட்டுங்கள்

மாதச் சம்பளக்காரர் என்றால் மாதம் 3,000 கூடக் கட்டலாம். வயல்காரருக்கு அது சரிவராது. காசு தை, மாசியில் பெரும்போகம் வெட்டும்போது மொத்தமாக வரும், பிறகு சிறுபோகம் வரை கை கடிக்கும். அவர்கள் வருடத்தில் ஒருதரம் 40,000 கட்டினால் போதும். அதே 20 இலட்சம் கடன் 11 வருடம் 3 மாதத்தில் முடியும், வட்டி மிச்சம் 6 இலட்சத்து 57 ஆயிரம் அளவில் வரும்.

ஆனால் நெல் விற்ற காசு முழுவதும் உங்களுடையது அல்ல. வெட்டுக்கூலி, உரக்கடை பாக்கி, அடுத்த போகத்துக்கான உழவு, விதைநெல், உரம், கிருமிநாசினி எல்லாவற்றையும் முதலில் கழியுங்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள், குளத்து நீர்மட்டம் பார்த்து சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும் வரை காசைப் பிடித்து வைத்திருப்பது நல்லது. ஒரு மாதம் பிந்திக் கட்டினால் 40,000 ரூபாய்க்கு 400 ரூபாய்தான் நட்டம்.

வெளிநாட்டிலிருந்து அண்ணனோ தங்கையோ அனுப்பும் காசு, சீட்டுக் காசு, சம்பள நிலுவை ஆகியவற்றில் பாதியைக் கடனுக்கும் பாதியை வீட்டுக்கும் என்று பிரித்துவிடலாம். சீட்டு பிடிப்பதென்றால் கழிவு விட்டு முன்னுக்கு எடுக்காதீர்கள், கடைசித் தவணைகளில் எடுங்கள். ஏலச்சீட்டில் விடும் கழிவு, வங்கியில் மிச்சமாகும் வட்டியைத் தின்றுவிடும்.

எப்போது கட்டுகிறீர்கள் என்பதும் பெரிய விடயம். முதல் வருட முடிவில் ஒரு இலட்சம் கட்டினால் மிச்சமாகும் வட்டி 3 இலட்சத்து 80 ஆயிரம் அளவு. அதே ஒரு இலட்சத்தைப் பத்தாவது வருட முடிவில் கட்டினால் 76,000. ஆகவே கடன் புதிதாக இருக்கும்போது பாரம் தூக்குங்கள், கடைசி மூன்று நாலு வருடத்தில் தளர்த்திக்கொள்ளலாம்.

படி 6: கவுன்டரில் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்

கூடுதல் காசு மூன்று இடத்தில் தவறிப் போகும். கடன் கணக்குக்குப் போகாமல் சேமிப்புக் கணக்கில் கிடக்கும். அல்லது வரப்போகும் மாதங்களின் தவணையாகப் பதிவாகும். அல்லது கடனில் கழித்துவிட்டு, காலத்தைக் குறைக்காமல் மாதத் தவணையைக் குறைத்துவிடுவார்கள். முதல் இரண்டிலும் வட்டி குறையாது, மூன்றாவதில் கொஞ்சம்தான் குறையும். இதைத் தவிர்க்க, காசோடு ஒரு கடிதமும் கொடுங்கள்:

'எனது கடன் கணக்கிற்கு இன்று செலுத்தும் ரூபா 40,000 முழுவதையும் கடனின் முதல் தொகையிலிருந்து கழிக்கவும். மாதத் தவணையை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைத்து, புதிய தவணை அட்டவணை ஒன்றைத் தரவும்.'

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வங்கி முத்திரையும் திகதியும் வாங்கி வையுங்கள். அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் வட்டிக்குப் போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள். 12 வீதத்தில் 40,000 கழிந்திருந்தால் வட்டி, அட்டவணையில் அந்த மாதத்துக்கு இருந்ததைவிட 400 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அன்றைக்கே கிளைக்குப் போங்கள்.

படி 7: கடைசித் தவணைக்குப் பிறகு

முடிப்பதற்கு இரண்டு கிழமை முன்னம், இன்ன திகதியில் கட்டினால் மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டியபின் கடன் தீர்ந்ததற்கான கடிதம், மூல உறுதி, ஈட்டு விடுவிப்பு (காணியை அடமானத்திலிருந்து விடுவிக்கும் பத்திரம்) ஆகிய மூன்றும் உங்கள் கைக்கு வர வேண்டும். விடுவிப்பைக் காணிப் பதிவகத்தில் பதியாமல் விட்டால் பதிவேட்டில் ஈடு அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்துப் பிள்ளைக்கு எழுதப் போகும்போதுதான் அது தெரியவரும்.

வன்னியில் பெருமளவு காணி, அரசு பெர்மிட்டில் தந்தது அல்லது அளிப்புப் பத்திரத்தில் தந்த அளிப்புக் காணி. அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியோடு ஈடு வைத்திருந்தால், தீர்ந்த கடிதத்தின் பிரதியைப் பிரதேச செயலகக் காணிக் கிளைக் கோப்பிலும் சேர்ப்பித்துவிடுங்கள். காணியை வைக்காமல் பிணையாளிகளோடு எடுத்த கடன் என்றால் அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அவர்கள் தங்களுக்கு ஒரு கடன் எடுக்கப் போகும் நாளில் அது தேவைப்படும்.

கடனோடு சேர்த்து எடுத்த ஆயுள், தீக் காப்புறுதிகளில் மிச்சக் காலத்துக்கு ஏதும் திரும்பி வருமா என்று கேளுங்கள். சம்பளக் கணக்கில் போட்ட மாதாந்தக் கழிப்புக் கட்டளையை நிறுத்தக் கையெழுத்து வைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அடுத்த மாதமும் 24,003 ரூபாய் கழிந்து நிற்கும்.